சின்னவளைச் சோதிக்கக் கொண்டுபோ, மகன்

மகனுக்கு,

மருமகளோடு எனக்கு ஒத்துவராது, அதனால்தான் கனடாப் பயணத்தைக் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டேன் என்று நம்முடைய ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பிழை. உன் மனைவியைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. போன ஓகஸ்டில் நீங்கள் மூவரும் வந்து நின்ற நாட்களில் அவள் என் குசினியில் என்னைக் கேட்காமல் ஒரு போத்தலைக்கூட இடம் மாற்றவில்லை. இந்த வயதில் ஒரு மருமகளிடம் நான் அதற்குமேல் எதிர்பார்ப்பதில்லை. பயணம் நின்றதற்குக் காரணம் எனக்குக் காசநோய். சளியில் கிருமி கண்டு, கிளிநொச்சியில் மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. இது உனக்குத் தெரியும். ஊருக்குச் சொல்ல ஏதாவது ஒரு காரணம் வேண்டும் என்று உன் நெளுக்குளத்து மாமி மாமியார்-மருமகள் கதையைக் கட்டியபோது, அதுவே பரவாயில்லை என்று நீ பேசாமல் இருந்துவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் அப்பாவின் தங்கை என்பதற்காக இவ்வளவு காலமும் அவவுடைய வாய்க்கு நான் பதில் சொன்னதில்லை. இப்போதும் அவவுக்காக எழுதவில்லை. உனக்காகவும் இல்லை. உன் மகள் சின்னவளுக்காக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் மனைவியிடம் நான் கேட்ட கேள்வி உனக்கு நினைவிருக்கும். "பிள்ளைக்கு ரெஸ்ற் செய்தாச்சோ?" என்றேன். அவள் என்னை வியப்பாகப் பார்த்து, "என்ன ரெஸ்ற் மாமி?" என்றாள். நீ பின்னால் இருந்து கையை நீட்டிப் போனை வாங்கினாய். "அது கண் ரெஸ்ற். அம்மா கண்ணைத்தான் கேக்கிறா," என்றாய். பிறகு என்னிடம், "நான் பிறகு எடுக்கிறன் அம்மா," என்றாய். எடுக்கவில்லை. நீ போனைத் திருப்பிய அந்தக் கணத்தில் சின்னவள் உன் பின்னால் கதிரையில் நின்று இருமினாள். ஓகஸ்டில் அவள் என்னைப் போல இருமிக் காட்டுவாள், நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்கள். வாயைப் பொத்தி, தோளை உலுக்கி, "அப்பம்மா இப்பிடித்தான்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டது அந்த விளையாட்டு இருமலா, உண்மையான இருமலா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைவு இல்லை.

எனக்கு நோய் என்று தெரிந்த அன்றே உன்னிடம் சொன்னேன், பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டு என்று. "ஓம் அம்மா, செய்யிறன்," என்றாய். இரண்டாம் முறை கேட்டபோதும் அதே ஓம். உன் மனைவிக்கே நீ சொல்லவில்லை என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நீ பொய் சொல்லும் பிள்ளை அல்ல. ஆனால் வெட்கம் வந்தால் நீ வாயை மூடிக்கொள்வாய், சிறு வயதிலிருந்தே அப்படித்தான். ஆகவே இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் நானே படம் பிடித்து உன் போனுக்கும் உன் மனைவியின் போனுக்கும் ஒன்றாக அனுப்பப்போகிறேன். எங்கள் பெயர்களை எடுத்துவிட்டுப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன். விசாவுக்காக இருமலை ஒளித்து வைத்திருக்கிற தாய் இந்த வன்னியில் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

எப்படித் தொடங்கியது என்பதை உன் மனைவிக்காகவும் முழுதாகச் சொல்கிறேன். பங்குனியில் பின்வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியது. தூசி வீட்டுக்குள் வந்து அலுமாரிக் கண்ணாடியில் படிந்தது. அப்போது வந்த இருமலைத் தூசி இருமல் என்று நினைத்தேன். தூசி போய், வயல் காய்ந்து, அடுத்த விதைப்பும் முடிந்தது. இருமல் போகவில்லை. பின்னேரத்தில் உடம்பு மெல்லச் சுடும். தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். சட்டைகள் தளர்ந்தன. வயது போனால் உடம்பு வற்றும்தானே என்று அவற்றைப் பிடித்துத் தைத்தேன். வைத்தியசாலைக்குப் போகத்தான் புறப்பட்டேன். அந்த நேரம் நீ விசாவுக்குப் போட்டிருந்தாய். உன் மாமி நெளுக்குளத்திலிருந்து போன் எடுத்தா.

"மச்சாள், ஆஸ்பத்திரிப் பக்கம் போயிராதேங்கோ. கிளினிக் கொப்பியில நெஞ்சுக்குத்து, இருமல் எண்டு எழுதிப்போடுவாங்கள். அதெல்லாம் விசாக்காரனுக்குப் போகும். பிறகு மெடிக்கலில தட்டிவிடுவான்."

"கிளிநொச்சியில எழுதிற கொப்பியைக் கனடாவில ஆர் மச்சாள் வாசிக்கிறது?"

"இப்ப எல்லாம் கொம்பியூட்டர். உங்களுக்குத் தெரியாததே, ரீச்சர்?"

ரீச்சர் என்று அவ என்னைக் கூப்பிடுவது குத்துவதற்குத்தான். நானும் சிரித்துவிட்டு வைத்தேன். ஆனால் வைத்தியசாலைக்குப் போகவில்லை. உன்னிடம் கேட்டேன். நீயும், "மெடிக்கல் முடியும்வரைக்கும் கொஞ்சம் பாப்பம் அம்மா, பாமசியில கேட்டு ஏதும் எடுங்கோ," என்றாய். மருந்துக்கடையில் சிவப்பும் கறுப்புமாகக் குளிசை தந்தார்கள். பாணி மருந்து தந்தார்கள். குளிசை குடிக்கும்போது கொஞ்சம் சுகமாக இருக்கும், சுகமானதும் நிறுத்துவேன், பிறகு இருமல் திரும்பி வரும். நீ வரும்போது கனடாவிலிருந்தும் ஒரு பெட்டிக் குளிசை கொண்டுவந்தாய். இப்படி அரைகுறையாக விழுங்கும் குளிசைகள் சில வேளை உள்ளே இருக்கும் கிருமியை மறைத்துவிடுமே தவிரக் கொல்லாது என்று பிறகு டொக்டர் சொன்னார். இருமலை அமத்துகிற பாணியும் அப்படித்தான். சளி வெளியே வரத்தானே உடம்பு இருமுகிறது. நாங்கள் அதன் வாயைக் கட்டினோம். தெரியாத ஆட்கள் அல்ல நாங்கள். நீ பட்டதாரி, நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள். ஆனால் விசா என்று வந்தால் இந்த நாட்டில் எங்களுக்கு மூளை வேறு விதமாக வேலை செய்கிறது.

நீங்கள் திரும்பிப் போய் இரண்டு மாதத்தில் ஒரு காலை முகம் கழுவும்போது சளியோடு ஒரு நூல் இரத்தம் வந்தது. பேசினுக்குள் தண்ணீரை ஊற்றி அதைக் கழுவிவிட்டு, யாருக்கும் போன் எடுக்காமல் பஸ்ஸில் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனேன். அங்கே இருந்தது ஓர் இளம் பெண் டொக்டர். "எவ்வளவு நாளா இருமல் அம்மா?" என்று கேட்டார். பங்குனியிலிருந்து என்றேன். பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு கிழமைக்கு மேல இருமினாலே சளி சோதிக்கோணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" சொன்னார்கள் என்றும் இல்லை, சொல்லவில்லை என்றும் இல்லை. சுவரில் அதே வசனம் எழுதிய தாள் எல்லா இடமும் ஒட்டியிருக்கிறது. நான் அதில் எழுத்துப்பிழை பார்த்திருக்கிறேன், பொருளைப் பார்க்கவில்லை.

சளி கொடுக்கச் சின்னப் போத்தல் ஒன்று தந்தார்கள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சத்தம் வராமல் இருமப் பழக்கினார்கள், கைக்குட்டையை மடித்து, தலையைத் திருப்பி, தொண்டைக்குள்ளேயே. அறுபது வருடப் பழக்கம். நான் கொண்டுபோய்க் கொடுத்ததை அங்கிருந்த தாதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "இது துப்பல் அம்மா. எனக்கு நெஞ்சுக்குள்ள கிடக்கிறது வேணும். வெறும் வயித்தில, விடியவே, ஆழமா மூச்சிழுத்து, காறி எடுத்துக்கொண்டு வாங்கோ." அடுத்த நாள் காலை வெளியே கிணற்றடிக்குப் போய், மீன் சந்தையில் நிற்கிறவர்கள்போலக் காறினேன். பக்கத்து வளவில் ஆடு கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். அந்தப் போத்தலில்தான் கிருமி இருந்தது.

உன் அப்பாவைப் பற்றி டொக்டரிடம் கேட்டேன். அவருக்குக் கடைசியில் வந்ததும் நெஞ்சுச் சளிதானே. உனக்கு நாங்கள் அப்போது முழுதாகச் சொல்லவில்லை, நீ அங்கே இருந்தாய். அவருக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். என்னைப் பார்த்துத் தன் செத்துப்போன அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறதி வந்துவிட்டது என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். மூச்சு விறுவிறு என்று ஓடியதை நான் கவனித்தேன், ஆனால் காய்ச்சல் இல்லையே என்று விட்டேன். கொண்டுபோனபோது நிமோனியா என்றார்கள், பிந்திவிட்டது. வயதானவர்களுக்கு நெஞ்சில் கிருமி தொற்றினால் காய்ச்சல் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை, தடுமாறிப் பேசுவதும் படுத்த இடத்தை விட்டு எழும்பாததும் அதன் அடையாளமாக இருக்கலாம் என்று இப்போது அறிகிறேன். உனக்கு மாமனாரும் மாமியாரும் இருக்கிறார்கள், தெரிந்துவைத்துக்கொள். உன் அப்பாவுக்கும் என்னுடைய நோய்தான் அடியில் இருந்ததோ என்று கேட்டேன். டொக்டர், "இனி அதைச் சொல்லேலாது அம்மா," என்றார். எனக்கு இது எங்கிருந்து வந்தது என்றும் யாருக்கும் தெரியாது. சண்டை முடிந்து முகாமில் நெருக்கமாகக் கிடந்த காலத்திலேயே உள்ளே போய் இவ்வளவு வருடமும் தூங்கியிருக்கலாமாம். உடம்பு தளர்ந்ததும் எழும்பியிருக்கலாமாம்.

மருந்து தொடங்கிய கிழமை சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். வாசலில் கூட்டிக்கொண்டிருந்த பாக்கியம், டெங்கு நுளம்புப் புழு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஓடிப்போய்ப் பூச்சாடியைக் கவிழ்த்தாள். எனக்குச் சமைத்துத் தருகிற பாக்கியத்தை நீ கண்டிருக்கிறாய், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். "நுளம்பு இல்ல அக்கா, உங்களையும்தான் பாக்க வந்தனான்," என்று அவர் சிரித்தார். அவளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு என்னிடம், இந்த வீட்டில் அண்மையில் யார் யார் வந்து தங்கினார்கள் என்று கேட்டார். உங்கள் மூவரையும் சொன்னேன்.

"பிள்ளைக்கு என்ன வயது?"

"நாலு."

"எங்க படுத்தவா?"

"என்னோட. என்ர கட்டிலில."

"யன்னல் திறந்தோ?"

நுளம்புக்குப் பயந்து யன்னலை இறுக்கி மூடியிருந்தோம் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "அங்க சொல்லிட்டியளோ?" என்றார். சொன்னேன் என்றேன். "செய்தவையோ?" என்றார். அன்று இரவுதான் உன்னிடம் இரண்டாம் முறை கேட்டேன்.

உன் மனைவி பயப்படக்கூடாது, ஆனால் தாமதிக்கவும் கூடாது. இந்தக் கிருமி கோப்பையாலும் கரண்டியாலும் பரவுவதில்லை, இருமுகிறவரின் காற்றால் பரவுகிறது, மூடிய அறையில் கூடுதலாக. அதை மூச்சோடு எடுத்த எல்லாரும் நோயாளி ஆவதில்லை. பெரும்பாலானவர்களின் உடம்பு அதை அடக்கி வைத்திருக்கும். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடம்புக்கு அந்தப் பலம் குறைவு, சில வேளை மூளை வரைக்கும் போய்விடும் என்றார்கள். இங்கே பிறந்திருந்தால் பிறந்த கையோடு பி.சி.ஜி. ஊசி போட்டிருப்பார்கள். அங்கே அது எல்லாப் பிள்ளைக்கும் போடுவதில்லை என்று நீயே ஒருமுறை சொன்னாய். கையில் ஒரு சின்ன ஊசி போட்டுப் பார்ப்பார்கள், அல்லது இரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் எடுப்பார்கள். கிருமி உள்ளே போயிருந்தால், நோயாக மாறாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் நல்லது. நீங்கள் இருவரும் உங்களையும் சோதித்துக்கொள்ள வேண்டும். என்னுடைய முடிவுத் தாளைப் படம் பிடித்து இதோடு அனுப்புகிறேன், அங்கே டொக்டரிடம் அதைக் காட்டுங்கள். அதைக் கேட்பார்கள்.

நீ வெட்கப்படுவது எனக்கு விளங்குகிறது. எங்கள் ஆட்கள் இந்த நோயை ஏழைகளின் நோய், ஒழுங்கில்லாதவர்களின் நோய் என்று நினைக்கிறார்கள். அலுவலகத்தில் தெரிந்தால், மனைவியின் வீட்டாருக்குத் தெரிந்தால் என்று நீ நினைக்கிறாய். நான் உனக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். உனக்கு மூன்று வயதில் நாங்கள் இடம்பெயர்ந்து புளியங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். மழை. உனக்குத் தடிமன் என்று தொடங்கி நெஞ்சுக்குள் கறகற என்றது. எங்களோடு தங்கியிருந்த ஒரு மருத்துவிச்சி உன் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூச்செடுக்கேக்க விலாவுக்குக் கீழ குழி விழுகுது பாருங்கோ. காய்ச்சலைப் பாத்துக்கொண்டு இருக்கப்படாது, உடன கொண்டுபோங்கோ," என்றா. வாகனம் இல்லை. உன் அப்பா சைக்கிளை மிதித்தார், நான் உன்னை மடியில் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தேன். வைத்தியசாலை வரிசையில் நான் சத்தம் போட்டேன் மகன், வாழ்க்கையில் முதல் தடவை. என் பிள்ளைக்கு மூச்சு எடுக்க முடியவில்லை என்று எல்லாரும் கேட்கக் கத்தினேன். வரிசை விலகியது. யார் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமே அன்று எனக்கு வரவில்லை. உன் பிள்ளைக்கு அப்படிக் கத்த ஓர் ஆள் வேண்டும். அது நீதான்.

என்னைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். நான் களைத்துப்போயிருக்கிறேன், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் காலையில் வெறும் வயிற்றில் குளிசை குடிக்கிறேன். பாக்கியம் முன்னால் நின்று பார்க்க வேண்டும் என்று வைத்தியசாலையில் அவளிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதை மிகவும் கண்டிப்பாகச் செய்கிறாள்.

"வாயத் தொறங்க டீச்சரம்மா. நாக்கத் தூக்குங்க."

"நான் என்ன ஒளிச்சு வைக்கிற ஆளோ?"

"நீங்கதான் அந்த இருமலயே இத்தன மாசம் ஒளிச்சு வச்சீங்களே. தொறங்க."

முதல் கிழமைகளில் வாந்தி வந்தது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது, அது மருந்தின் நிறம் என்று முன்பே சொல்லியிருந்தபடியால் பயப்படவில்லை. கண் மஞ்சளாகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பார்க்கிறேன். இப்போது இருமல் குறைந்துவிட்டது. போன முறை சளியில் கிருமி இல்லை, இனி என்னால் மற்றவர்களுக்குப் பரவாது என்றார்கள். அதற்காக இடையில் நிறுத்த முடியாது, ஆறு மாதமும் குடித்தே ஆக வேண்டும். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துகிற பழைய பழக்கம் எனக்கு இருக்கிறது என்று பாக்கியத்துக்குத் தெரியும்.

உன் மாமி ஒரு நாள் பார்க்க வந்தா. விறாந்தையில் கதிரையைப் படலைப் பக்கம் இழுத்துப்போட்டு இருந்தா. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன்.

"வேண்டாம் மச்சாள், இண்டைக்கு விரதம்."

"தண்ணிக்குமோ?"

"ஓம், தண்ணிக்கும்."

"வாசலில வைச்சு இளநி குடிச்சியள் எண்டு பாக்கியம் சொன்னாள்."

அவ சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தா. எனக்குக் கோபம் வரவில்லை. அவவுக்கும் பயம். ஆனால் அவவின் பயத்தில் யாருக்கும் கேடு இல்லை, ஒரு கோப்பைத் தேத்தண்ணி மட்டும்தான் ஆறிப்போகிறது. உன்னுடைய பயம் அப்படி இல்லை.

கனடாவுக்கு நான் வருவதா என்பதை மருந்து முடிந்த பிறகு பேசலாம். சுகமானவர்களுக்குத் தடை இல்லை என்று டொக்டர் சொன்னார், ஆனால் எனக்கு இப்போது அதில் மனம் இல்லை. உன் மனைவிக்கு நான் சொல்ல விரும்புவது, நான் உன்னோடு கோபித்துக்கொண்டு பயணத்தை நிறுத்தவில்லை பிள்ளை, அந்தக் கதையை இனி யார் சொன்னாலும் இந்தக் கடிதத்தைக் காட்டு. உன் புருஷனோடு இதற்காகச் சண்டை பிடிப்பதானால் பிள்ளையைக் காட்டிவிட்டு வந்து பிடி.

மகன், இந்தக் கிழமைக்குள் சின்னவளைக் கொண்டுபோ. அவள் இருமுகிறாளா, எவ்வளவு காலமாக, பின்னேரத்தில் உடம்பு சுடுகிறதா, சாப்பிடுகிறாளா, நிறை கூடுகிறதா என்று எனக்கு எழுது. டொக்டர் என்ன சொன்னார் என்று அவருடைய வார்த்தையிலேயே எழுது. நல்ல முடிவானாலும் கெட்ட முடிவானாலும் எழுது. போனில் சொல்ல வேண்டாம். போனில் நீ ஓம் அம்மா என்று சொன்னால் நான் நம்பிவிடுகிறேன்.

அம்மா
வட்டக்கச்சி